ஒன்றரை லட்சத்தைத் திருப்பிவிட்டவர்

மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தே ஆகவேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது நான் கச்சிராயபாளையத்தில் இருந்தேன். பொங்கலுக்கு வந்திருந்தேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் வழிமறித்து நிற்கிற ரோட்டில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன். வழக்கமாக நம் மலரில் ஹாஸ்டல் சாம்பார், கள்ளக்குறிச்சிக்கு விடுகிற கடைசி பஸ், கெமிஸ்ட்ரி லேபில் உடைத்த பிப்பெட்டுக்குக் கட்டிய அபராதம் இவையெல்லாம் வரும். அவற்றை என்னைவிட நன்றாக எழுத நம்ம பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் வேறொருவரைப் பற்றி எழுதுகிறேன், பட்நாகரைப் பற்றி, என்றேன். அவர் நம்ம காலேஜ்ல படிச்சவரா என்று கேட்டார் செயலாளர்.

இல்லை. சர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் ஓர் ஊரில் பிறந்து, லாகூரில் படித்து, டெல்லியில் இறந்தவர். நம் கல்லூரிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இந்த மலரைப் புரட்டும் மாணவ மாணவியரில் யாராவது நாளைக்கு ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்து மாதாமாதம் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், அந்தப் பணம் ஓடிவருகிற வாய்க்காலை வெட்டியவர்களில் முன்வரிசை ஆள் அவர். விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த பெயர்தான். அவர் பெயரில் ஒரு பரிசு இருந்தது என்ற அளவில் நிறையப் பேருக்குத் தெரியும். மனிதரைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கும் ஒரு தப்பு செய்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். ஸ்பேனர் பிடித்துப் பல வருஷம் ஆகிறது. ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில், திட்டப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் விஞ்ஞானிகள் வெளியிலிருந்து நிதி கேட்டு எழுதுகிற விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். கருவிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, ரசாயனத்துக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு, நிலையத்தின் மேல்செலவுக்கு எவ்வளவு என்று பட்ஜெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொட்டேஷன் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இயக்குநரின் ஒப்புதல் சான்று வேண்டும். பணம் வந்த பிறகு, செலவழித்ததற்கு வருஷா வருஷம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் ஆராய்ச்சி மாணவருக்குச் சம்பளம் இல்லை. ஊரில் என் மாமா, நான் ஏதோ ராக்கெட் செய்வதாக இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். திருத்த மனசு வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் விஞ்ஞானியிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சின்ன ஆலைக்காரர்களும் தாங்கக்கூடிய செலவில் சுத்தப்படுத்துவது பற்றியது. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இது புரியும். கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் தேங்கி நின்று புளித்தால் அந்தப் பக்கம் பஸ் போகும்போதே மூக்கைப் பிடிக்க வேண்டும். சின்னசேலம் ரோட்டில் அந்த வாசனையோடுதான் நான் வளர்ந்தேன். அப்படிப்பட்ட விண்ணப்பத்தில் ஒரு கொட்டேஷனின் தேதி முடிந்திருந்தது. கூட்டலில் ஆயிரம் ரூபாய் இடித்தது. சிவப்பு மையில் இரண்டு குறிப்பு எழுதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போகிற கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் தண்ணீர் மாதிரி எடுக்க வெளியூர் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை திரும்பினார். கடைசித் தேதி திங்கட்கிழமை.

ஒரு போன் செய்திருந்தால் போதும். செய்யவில்லை. விதிப்படி நான் சரி. அவர் ஒன்றும் சொல்லாமல் பைலை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் போயிற்று அவருக்கு.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறப் போகிற ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனார், திட்டவில்லை. இந்த மேஜையை முதலில் போட்டவர் யார் தெரியுமா தம்பி என்று கேட்டு, பட்நாகர் கதையை ஆரம்பித்தார். பெல் அடித்ததும் பாதியில் எழுந்து போய்விட்டார். மீதியை நான்தான் தேடிப் படித்தேன்.

பட்நாகர் பிறந்தது 1894 பிப்ரவரி 21-ஆம் தேதி. ஊர் பேரா, அன்றைய பஞ்சாபில் ஷாப்பூர் மாவட்டம். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில், சிக்கந்தராபாத்தில் வளர்ந்தார். நம்ம ஐதராபாத் பக்கத்துச் செகந்திராபாத் இல்லை. இது உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷகர் பக்கம். தாத்தா எஞ்சினியர். பேரனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தால் அதைப் பிரித்துப் பார்க்கிற புத்தி அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

1911-இல் லாகூர் தயாள் சிங் கல்லூரியில் சேர்ந்தார். ஆள் லேபில் மட்டும் இருந்தவர் இல்லை, நாடகத்திலும் இருந்தார். கராமாத்தி என்று உருதுவில் ஓரங்க நாடகம் எழுதி, 1912-இல் அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான பதக்கம் வாங்கினார். கல்லூரி நாள் மேடையில் ஒட்டுத்தாடியோடு வசனத்தை மறந்து நின்ற நம் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் 1916-இல் இயற்பியலில் பி.எஸ்சி., 1919-இல் வேதியியலில் எம்.எஸ்சி. நடுவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் பார்த்தார். பாடம் மாறிப் படித்ததைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் பின்னால் அவர் பெயர் வாங்கிய காந்த வேதியியல் அந்த இரண்டு பாடமும் சந்திக்கிற இடம்தான்.

அடுத்த சம்பவத்தைப் படித்தபோது என் ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது. தயாள் சிங் கல்லூரி அறக்கட்டளை அவருக்கு வெளிநாடு போய்ப் படிக்க உதவித்தொகை கொடுத்தது. போக வேண்டிய இடம் அமெரிக்கா. இங்கிலாந்து வழியாகப் பயணம். அங்கே போய் இறங்கினால் அமெரிக்கா போகிற கப்பலில் இடமே இல்லை. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கே எல்லா இடமும் ஒதுக்கியாகிவிட்டது. கையில் அமெரிக்காவுக்கான பணம், நிற்கிற இடம் லண்டன். நம் மேஜைக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வோம்? முதல் அனுமதி எந்த நாட்டுக்கு, திருத்திய அனுமதிக்கு அதிகாரம் யாருக்கு, செலவு வித்தியாசத்தை யார் ஏற்பது என்று மூன்று குறிப்பு எழுதி, பைலை நாலு மாடி ஏற்றி இறக்கியிருப்போம். அறக்கட்டளைக்காரர்கள் சரி, லண்டனிலேயே படி என்று சொல்லிவிட்டார்கள்.

யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் டானனிடம் சேர்ந்தார். பிரிட்டிஷ் அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையும் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 1921-இல் டி.எஸ்சி. முடித்தார். அப்பா இல்லாத பிள்ளை, பிறர் நம்பிக் கொடுத்த பணத்தில் படித்து வந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர் திரும்பி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். இருந்தது மூன்று வருஷம்தான். அதற்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே இன்றைக்கும் விழாக்களில் அந்தப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதியது என்று பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1924-இல் லாகூருக்கு, பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பதினாறு வருஷம். அவருடைய அசல் ஆராய்ச்சி வாழ்க்கை அதுதான். 1928-இல் கே.என். மாத்தூரோடு சேர்ந்து, பொருள்களின் மிகச் சிறிய காந்தத் தன்மையையும் அளக்கிற ஒரு தராசு செய்தார். லண்டன் ஆடம் ஹில்கர் கம்பெனி அதைச் செய்து விற்றது. இந்தியாவில் யோசித்த கருவியை வெள்ளைக்காரக் கம்பெனி விற்ற காலம் ஒன்று உண்டு என்று நம் மாணவர்கள் அறிய வேண்டும். 1943-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது கருவி இல்லை, சக்கை. லாகூரில் அவரிடம் முதலில் வந்த தொழில்துறை வேலை, கரும்புச் சக்கையை மாட்டுத் தீவனக் கட்டியாக மாற்றுவது. கேட்டவர் சர் கங்காராம், பஞ்சாபின் பெரிய எஞ்சினியர், விவசாயி, கொடையாளி. எங்கள் கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலையில் கரும்பு அரைவை நடக்கிற மாதங்களில் சக்கைக் குவியலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. யாரும் தோன்றவைக்கவும் இல்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய கதை. ராவல்பிண்டியில் அட்டாக் ஆயில் கம்பெனி பெட்ரோலுக்காகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. நம் பக்கம் திருச்செங்கோட்டு லாரி வந்து போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; காற்றை அடித்துத் துகளை மேலே தள்ளுவார்கள். எண்ணெய்க் கிணற்றில் ஆழம் அதிகம் என்பதால் களிமண் குழம்பை உள்ளே செலுத்துவார்கள். அது துளைக்கும் முனையைக் குளிர்விக்கும், உடைந்த பாறைத்தூளை மேலே கொண்டுவரும், குழியின் சுவர் சரியாமல் தாங்கும். அட்டாக் கம்பெனிக்காரர்கள் உப்புப் படிவத்தைத் தொட்டதும் அந்தக் குழம்பு கெட்டியாகிப் போயிற்று. குழம்பு இறுகினால் துளைப்பு நின்றது என்று அர்த்தம். எஞ்சினியர்கள் பம்பைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

பட்நாகர் கூழ்ம வேதியியல் படித்தவர். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதால்தான் குழம்பு குழம்பாக இருக்கிறது, உப்பு சேர்ந்ததும் அவை திரண்டுகொள்கின்றன என்று பார்த்தார். துகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருந்தால் திரளாது. அதற்கு அவர் கையில் எடுத்தது நம் நாட்டு மரப்பிசின். பிசினைக் கலந்ததும் குழம்பு இளகியது, உப்பைத் தாங்கியது. பம்பில் ஒரு நட்டு கூட மாற்றவில்லை.

கம்பெனியின் நிர்வாகிகளான லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் மகிழ்ந்துபோய், பெட்ரோலிய ஆராய்ச்சிக்கு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தார்கள். 1930-களின் ஒன்றரை லட்சம்! கொஞ்சம் பொறுத்தால் இதன் அளவு உங்களுக்கே தெரியும். மூளை அவருடையது, பணம் கொடுப்பவர் தனியார். தனக்கென்று ஒரு பங்கு வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் அந்தப் பணத்தைத் தன் பெயருக்கு வாங்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வழியாக வரட்டும் என்று திருப்பிவிட்டார். அதில் பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென்று ஒரு துறை உண்டாயிற்று. இளைஞர்கள் சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்தார்கள். வேலை நன்றாக நடப்பதைப் பார்த்த கம்பெனி தொகையையும் கூட்டி, ஐந்து வருஷம் என்றிருந்ததைப் பத்தாக்கியது. டெல்லி, கான்பூர் ஆலைக்காரர்கள் பலரும் அவரைத் தேடி வந்தார்கள். அங்கேயும் இதே வழிதான். மேகநாத் சாஹா அவருக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பின்னாளில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கப்பல் வரத்து குறைந்தது. மருந்து, சாயம், ரசாயனம் எல்லாவற்றுக்கும் திண்டாட்டம். அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையைப் பார்த்தவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார், நீதிக் கட்சித் தலைவர். 1940 ஏப்ரல் 1-ஆம் தேதி அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் ஒன்று இரண்டு வருஷத்துக்கு என்று ஏற்பட்டது. முதலியார் தலைவர், லாகூரிலிருந்து வந்த பட்நாகர் இயக்குநர். கல்கத்தா அலிப்பூரில் அரசுப் பரிசோதனைச் சாலையில் இடம் கொடுத்தார்கள். ஒதுக்கிய பணம், நாடு முழுவதற்குமாகச் சேர்த்து வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அரசு ஒரு வருஷத்துக்கு ஒட்டுமொத்த இந்தியாவின் தொழில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதில் பத்தில் மூன்று பங்கு. அவ்வளவு பெரிய தொகையைத் தன் கையில் நிறுத்தாமல் அனுப்பிய மனிதரிடம்தான் அந்த 5 லட்சத்தைப் பிரித்துக் கொடுக்கிற வேலை வந்தது.

அங்கே எங்கள் பிரிவின் பூர்வீகம் ஆரம்பிக்கிறது. துறை துறையாக ஆராய்ச்சிக் குழுக்கள் அமைத்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தாங்கள் செய்யக்கூடிய வேலையை எழுதி, இவ்வளவு ஆள், இவ்வளவு ரசாயனம் என்று கேட்பார்கள். குழு பார்த்துச் சிபாரிசு செய்யும், வாரியம் மானியம் கொடுக்கும். 1940 முடிவதற்குள் சுமார் 80 பேர் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள். அவர்களில் கால்வாசிப் பேர்தான் வாரியத்தின் நேரடி ஊழியர்கள். ஏப்ரலில் உண்டான ஆபீஸ் டிசம்பரில் 80 பேரை வேலையில் வைத்திருந்தது. எங்கள் காலத்தில் ஏப்ரலில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு டிசம்பரில் பதில் வந்தால் ஸ்வீட் வாங்குவோம்.

விஷவாயு புகாத துணி, தாவர எண்ணெயிலிருந்து எரிபொருள், வேண்டாத கழிவிலிருந்து பிளாஸ்டிக் என்று போருக்கு வேண்டியதும் பிறகு வியாபாரத்துக்கு ஆனதும் வெளிவந்தன. கண்டுபிடித்ததைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக 1941-இல் தனியாக ஒரு குழு போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், முதலியார் மத்தியச் சட்டசபையில் பேசி, வருஷம் 10 லட்சம் வீதம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தொழில் ஆராய்ச்சி நிதியை வாங்கிக் கொடுத்தார். பட்நாகர் திட்டம் போடுகிறவர், முதலியார் அதைச் சபையில் கரையேற்றுகிறவர். பட்நாகரைப் பற்றி எழுதும் பலர் முதலியாரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பணம் கேட்டு எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. பணத்தைக் கொடுக்கவைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1942 செப்டம்பரில் அந்த வாரியத்தை உள்ளடக்கி, பதிவு பெற்ற சங்கமாக அமைந்ததுதான் சி.எஸ்.ஐ.ஆர். சங்கமாக ஆனதால், அரசுத் துறைக்கு இல்லாத கொஞ்சம் கை நீளம் அதற்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு வேகமாகப் போய்விட்டது. 1943-இல் ஐந்து தேசிய ஆய்வகங்கள் கட்ட பட்நாகர் வைத்த திட்டத்தை ஆட்சிக் குழு ஏற்றது. ஒரு கோடி ரூபாய் மானியம் வந்தது. டாட்டா குடும்பத்து நிறுவனங்கள் 20 லட்சம் கொடுத்தன. சுதந்திரம் வந்ததும் நேரு தலைவராக நின்று ஆதரித்தார். பிரிவினையில் பட்நாகர் பிறந்த ஊரும் அவர் பதினாறு வருஷம் பாடுபட்ட லாகூரும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் அவர் கட்டிக்கொண்டே இருந்தார். 1950 ஜனவரியில் புனேயில் வேதியியல் ஆய்வகமும் டெல்லியில் இயற்பியல் ஆய்வகமும் திறந்தார்கள். டெல்லியில் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டி இறக்கியவர்களுக்கு, அந்தக் கடுக்காய் தோல் பதனிடத்தான் போகிறது என்று தெரியும். அதைப் பற்றிப் படிக்க அடையாறில் ஒரு கட்டடம் இருப்பது தெரிந்திருக்காது.

காரைக்குடிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், நம் பொங்கலன்று, மின்வேதியியல் ஆய்வகத்தைக் குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ரயில் ஏறி டெல்லிக்குப் போகாமல் செட்டிநாட்டுப் பொட்டலில் மின்வேதியியல் படிக்கலாம் என்று ஆயிற்று. பட்நாகர் காலத்தில் இப்படிப் பன்னிரண்டு ஆய்வகங்கள்.

எல்லோரும் கைதட்டவில்லை. சர் சி.வி. ராமன் இந்த ஆய்வகப் பெருக்கத்தைப் பிடிக்காதவர்களில் முதல்வர். தன் பெயரில் விளங்கும் விளைவைப் போலவே நேரு, பட்நாகர் இருவர் பெயரையும் சேர்த்து இதற்கும் ஒரு விளைவு என்று கேலிப்பெயர் சூட்டினார். சாஹாவும் பல்கலைக்கழகங்களின் பக்கம் நின்று பேசினார். நல்ல ஆட்களையும் பணத்தையும் தனி ஆய்வகங்களுக்கு இழுத்துக்கொண்டால், பாடம் நடத்துகிற இடத்தில் ஆராய்ச்சி வற்றிப்போகும், மாணவன் விஞ்ஞானியைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்குவான் என்பது வாதம். இதை நான் லேசில் தள்ள மாட்டேன். நம் கல்லூரியில் நாலு வருஷம் படித்தபோது ஆராய்ச்சி மானியம் வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அப்படி ஒரு உலகம் இருப்பதே தெரிந்தது. ஸ்டீல் பிரதர்ஸ் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர்தான், பின்னால் பெரும் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுபோனார் என்பது அவர் வாழ்க்கையில் எனக்குச் சங்கடமான பக்கம். பெரிய கருவி, பெரிய கட்டடம், ஒரே பிரச்சினையில் நாற்பது பேர் என்பதற்கு அன்றைய பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்று அவர் தரப்பில் பேசலாம். பேசிப் பார்த்தேன். பாதிதான் சமாதானம் ஆகிறது.

அவருக்கும் அது உறுத்தியிருக்குமோ என்னவோ. கல்வி அமைச்சகம், இயற்கை வள அமைச்சகம், அணுசக்திக் கமிஷன், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கான பேச்சுவார்த்தை என்று ஒரே ஆள் நாலு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் பட்நாகர். மறுபடியும் அதே மேஜைதான். எதிரே இப்போது பல்கலைக்கழகங்கள் நின்றன. அந்த வேலையில் அவருக்குக் கிடைத்தது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். 1955 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் மாரடைப்பில் இறந்தார். அறுபத்தோரு வயது நிறையவில்லை. மனைவி லாஜ்வந்தி முன்னரே போய்விட்டார். அவர் பெயரையே தலைப்பாக வைத்துப் பட்நாகரின் உருதுக் கவிதைகள் புத்தகமாக வந்தன.

அவர் பெயரில் பரிசு 1957-இல் ஏற்பட்டது. 1958-இல் முதலில் வாங்கியவர் கே.எஸ். கிருஷ்ணன். இப்போது தேசிய விஞ்ஞான விருதுகளை மாற்றி அமைத்துவிட்டார்கள். 2024 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கான விருதில் அவர் பெயர் நிற்கிறது.

கண்காணிப்பாளர் ஓய்வுபெற்றுப் போன அன்று, பாதியில் விட்ட கதையை நான் படித்து முடித்ததைச் சொன்னேன். அந்தக் கப்பல் விஷயம் படிச்சீங்களா தம்பி என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருஷம் அந்தக் கழிவுநீர் விண்ணப்பம் மறுபடி வந்தது. இந்த முறையும் ஒரு கொட்டேஷன் காலாவதி. நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுப் புதிய தேதியோடு வரவழைத்தேன். கூட்டலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். இயக்குநர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று கையெழுத்து வாங்கினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இவை எல்லாமே முந்தைய வருஷமும் செய்திருக்கக்கூடிய வேலைகள். திட்டம் அனுமதி ஆயிற்று.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும் வழியில் சின்னசேலம் பக்கம் அந்த ஆலைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று சிமென்ட் தொட்டிகள், ஒரு சின்ன பம்பு, கணக்கு எழுத ஒரு ஆராய்ச்சி மாணவர். அம்மணி கடைசித் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். வாசனை இன்னும் இருக்கிறது, ஆனால் பஸ்ஸை விட்டு இறங்க வைக்கிற வாசனை இல்லை. இரண்டாம் வருஷப் பணம் எப்போ சார் வரும், அந்தப் பையனுக்கு நவம்பரிலிருந்து சம்பளம் போடலை என்று கேட்டார். அதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் என் மேஜையில், இடதுபக்கக் கட்டில், மேலிருந்து மூன்றாவதாக இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் முதலில் எடுக்கப்போவது அதைத்தான். டீக்கடையில் உட்கார்ந்து செயலாளரிடம் பேசி முடித்ததும், மறக்காமல் இருக்க அதைக் கையில் எழுதிக்கொண்டேன்.